புளியங்குடி முதலில் போகட்டும்

மூணு மணிக்கு அழுத்தவேண்டும், ஃபோன் பண்ணக்கூடாது. காலையிலிருந்து மயிலாத்தாள் இந்த ரெண்டையும்தான் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருக்கிறாள். பல்லடத்துக்கு மேற்கே, காற்றாலைக் காற்றாடிகளுக்கு நடுவில் நிற்கிற நூல் மில்லில், டெஸ்பாட்ச் ஆபீஸ் ஜன்னலோரத்து நாற்காலி அவளுடையது. சேலை கட்டிக்கொண்டு புதுமணப்பெண்ணாட்டம் வந்து உட்கார்ந்தவள், தலை நரைத்த பிறகும் அதிலேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். மதியச் சோறு தின்ற போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஃபோனைப் பார்த்தாள். கறுப்பு ஃபோன், பேசிப் பேசிச் சுருள் ஒயர் நீண்டு தொங்கிப்போன ஃபோன், ரிசீவரில் உடைந்த இடத்துக்குப் பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. இன்றைக்கு மாசக் கடைசி. மாசக் கடைசி என்றால் சாப்பாடு முடிந்து உட்கார்ந்த சூட்டில் அது அடிக்கும். அடித்தால் புளியங்குடி. எடுத்தால் கோமதிநாயகம். "என்ன மயிலம்மா, சாப்ட்டாச்சா? என்ன கொழம்பு?" என்று அந்தக் கரகரத்த குரல், ஏதோ எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்கிற மாதிரி கேட்கும். இன்றைக்கு அடிக்கவில்லை. அடிக்காது. அடிக்கவேண்டாம் என்று அந்தப் பிள்ளை ரெண்டு மில்லுக்கும் சொல்லிவிட்டது. சொன்னால் என்ன, அடிக்கிற ஃபோன் அடிக்காமல் இருக்குமா என்று ஒரு மனசு. சொன்ன சொல் கேட்கிற மனுஷர் அவர், அடிக்கமாட்டார் என்று இன்னொரு மனசு. ரெண்டுக்கும் நடுவில் ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அது விழுகிற சத்தம் இந்த ஆபீசில் இவ்வளவு பெரிசாகக் கேட்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. மாசக் கடைசி மத்தியானத்தில் இந்த ஆபீஸ் இப்படி ஊமையாக இருந்ததே இல்லையே.

அந்தப் பிள்ளை பேர் நஸ்ரின். கோயமுத்தூர்க் காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிறதாம். என்ன ஆராய்ச்சி கண்ணு என்று முதல் நாளே மயிலாத்தாள் கேட்டாள். கம்பெனிகளில் இந்த மாதிரி பெரிய சாஃப்ட்வேர் போட்டுவைத்திருக்கிறார்களே, அது நிசமாலுமே வேகமாக ஓடுகிறதா, எங்கே சுணங்குகிறது, அதுக்கு முன்னால் ஜனங்கள் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், அதை எல்லாம் அளந்து பார்க்கிற ஆராய்ச்சியாம். "காத்திருப்பு நேரம்னு பேருக்கா" என்றது. நல்ல பிள்ளை. மூக்குத்தி இல்லாத மூக்கும், எப்போதும் தோளில் ஒரு பையும், சோறு போட்டால் வெட்கப்படாமல் தின்கிற குணமும். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுக் கொடுத்தால் மறுவாட்டி கேட்டுத் தின்னும். அது பாட்டுக்கு ஒரு மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, யார் எந்த நேரத்தில் என்ன அழுத்தினார்கள், எவ்வளவு நேரம் அந்த வட்டம் சுற்றியது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். நேற்றுத்தான் வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தது. "மயிலக்கா, ஒரு சந்தேகம். மாசக் கடைசி கணக்கு முடிக்கறீங்கல்ல, நீங்க ஓட்டறப்ப புளியங்குடி ஓட்டறதில்ல, அவங்க ஓட்டறப்ப நீங்க ஓட்டறதில்ல. வருசக்கணக்கா எடுத்துப் பாத்துட்டேன், ஒரு தடவ தவிர மோதவே இல்ல. யாரு இத செட் பண்ணினது? ஹெட் ஆபீஸா?" மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "செட்டும் இல்ல, கிட்டும் இல்ல கண்ணு. நாங்களே ஃபோன்ல சொல்லிக்குவோம். அவரு மொதல்ல போவாரு. முடிச்சுட்டுச் சொல்லுவாரு. அப்பறம் நான் போவேன்." அந்தப் பிள்ளையும் சிரித்தது. சிரித்துவிட்டு, "ஆனா அது வேண்டியதே இல்லையேக்கா" என்றது.

வேண்டியதே இல்லை. அந்தச் சொல் நெஞ்சில் மீன்முள்ளாட்டம் நின்றுகொண்டது. நேற்று ராத்திரிச் சோறும் அதோடுதான் இறங்கியது. கம்பெனிக்கு ரெண்டு மில்லு. இங்கே ஒன்று, தெக்கே மலையடிவாரத்துப் புளியங்குடியில் ஒன்று. ரெண்டுக்கும் ஒரே சாஃப்ட்வேர், கோயமுத்தூர் ஹெட் ஆபீசில் கண்ணாடி அறைக்குள் இருக்கிற ஒரே சர்வர். மாசம் முடிந்தால் வந்த பஞ்சு எவ்வளவு, ஓடின நூல் எவ்வளவு, லாரி ஏறினது எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் கூட்டி முடிக்கவேண்டும். அதுக்கு ஒரு பொத்தான். அழுத்தினால் அது முக்கி முனகிக்கொண்டு ரொம்ப நேரம் ஓடும். ரெண்டு மில்லும் ஒரே நேரத்தில் அழுத்தினால் தீர்ந்தது, சர்வர் அப்படியே தொங்கிவிடும். தொங்கினால் கேட் பாஸ் வராது. கேட் பாஸ் வராவிட்டால் லாரி நகராது. லாரி நகராவிட்டால் மேனேஜர் கத்துவார். இதெல்லாம் இந்தப் பிள்ளை மூக்கொழுகிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்துச் சங்கதி. இந்தப் பிள்ளை சொல்கிறது, சர்வரை மாற்றினபோதே அந்தக் கோளாறைச் சரிபண்ணிவிட்டார்களாம். அதுக்கப்புறம் ரெண்டு பேர் என்ன, பத்து மில்லு சேர்ந்து அழுத்தினாலும் அது அசராதாம். "அப்பறம் ஏன்க்கா ஒருத்தருக்கொருத்தர் காத்துட்டே இருந்தீங்க?" என்று கேட்டது. பச்சைப்பிள்ளை கேட்கிற மாதிரிதான் கேட்டது. ஏன் காத்துக்கொண்டே இருந்தோம். நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா அழுத்திப் பாருங்க, மூணு மணிக்கு, முன்கூட்டிப் பேசிக்கவேண்டாம், பேசினா அளவு சரியா வராது என்று சொல்லிவிட்டு, புளியங்குடிக்கும் அதுவே ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டது. அவர் என்ன சொன்னாரு கண்ணு என்று கேட்கலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. "சரிம்மான்னாருக்கா" என்று அதுவாகவே சொன்னது. சரிம்மா. அவ்வளவுதானா?

முதல்முதலில் அந்தக் குரலைக் கேட்டதே சண்டையில்தான். சாஃப்ட்வேர் வந்த புதுசு. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, மவுஸ் இல்லாத காலம். அவள் பயந்து பயந்து பொத்தானை அழுத்தினாள், திரை அப்படியே கல்லாகிவிட்டது. வெளியே லாரி டிரைவர்கள் ஹாரனை அமுக்கி அமுக்கிக் காதைக் கிழிக்கிறார்கள். அப்போது ஃபோன் அடிக்கிறது. எடுத்தால், "ஏம்மா, யாரும்மா அது அழுத்துனது? நான் பாதி ஓட்டிக்கிட்டு இருக்கேம்லா! மண்ட காயுதம்மா இங்க!" என்று தாம்தூம் என்று ஒரு மனுஷன். அவளும் அன்றைக்குக் கொஞ்சம் சூடாகத்தான் இருந்தாள். "ஏனுங்க, நீங்க ஓட்டறீங்கன்னு எனக்கென்ன சாமியா வந்து சொல்லுச்சு? நான் அழுத்தறப்ப நீங்க எதுக்குங்க அழுத்துனீங்க?" என்றாள்.  அந்தப் பக்கம் சிரிப்பு. "நல்லாத்தான் கேக்கீய" என்றார். "பேரு என்னம்மா?" "மயிலாத்தாளுங்க." "நான் கோமதிநாயகம். சரி, ஒண்ணு செய்வோம். அடுத்த மாசத்துலேருந்து நான் ஒங்களுக்கு ஃபோன் பண்ணிட்டு அழுத்துதேன். முடிஞ்சதும் சொல்லுதேன். பொறவு நீங்க அழுத்துங்க. இல்ல, நீங்க முதல்ல போறீயளா? பொம்பளப்பிள்ள, வீட்டுக்குப் போகணும்லா." அவள் என்ன நினைத்தாளோ, "இல்லீங்க சார், நீங்களே மொதல்ல போங்க" என்றாள். அப்போது ஆரம்பித்த மரியாதை. ஒவ்வொரு மாசமும் அது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. "நீங்க போங்கம்மா." "இல்லீங்க சார், நீங்க போங்க." "சரி, அப்பம் நான் உள்ள போறேன்." போவார். அந்தப் பக்கம் அது ஓட ஆரம்பிக்கும். ஓடி முடிகிற வரைக்கும் ஃபோனை வைக்கமாட்டார்கள். வைத்துவிட்டு மறுபடி போட்டால் லைன் கிடைக்காத காலம் அது, அதனால் வைக்கவில்லை. லைன் சுளுவாகக் கிடைக்கிற காலம் வந்தது. அப்போதும் வைக்கவில்லை. கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி வரைக்கும் இது தெரியும். "மயிலக்கா புளியங்குடிக்கு வழி உட்டுட்டு இருக்குது, லாரிய ஓரமாப் போடுப்பா" என்று சத்தம் போட்டுச் சிரிப்பான்.

என்ன பேசினார்கள் என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றுமே பேசவில்லை. எல்லாமே பேசினார்கள். ஆனி ஆடியில் அங்கே சாரல். "சன்னல தொறந்தா மூஞ்சியெல்லாம் நனையுது மயிலம்மா, மல கண்ணுக்கே தெரியல, மேகம் எறங்கிட்டு" என்பார். இங்கே வெறும் காற்று, புழுதியை வாரிக் கண்ணில் அடிக்கிற காற்று. "எங்களுக்குக் காத்துதானுங்க சார், மழை எங்க வருது" என்பாள். ரிசீவரை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்து, "கேக்கீயளா?" என்பார். கேட்கும். சொட்டுச் சத்தமோ லைன் இரைச்சலோ, ஏதோ கேட்கும். அவள் கேட்கிறதுங்க என்பாள். ஒருதரம் சொதி எப்படி வைக்கிறது என்று தேங்காய்ப்பாலிலிருந்து ஆரம்பித்துச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய கணக்கும் முடிந்துவிட்டது, இன்னும் இஞ்சிப்பச்சடி பாக்கி இருந்தது. அவள் வீட்டில் வைத்துப் பார்த்தாள். சென்னியப்பன் ஒரு வாய் எடுத்து வாயில் வைத்துவிட்டு, "இதென்ன புள்ள, தேங்காத் தண்ணியாட்ட இருக்குது?" என்றான். அவள் புருஷன். தறி ஓட்டுகிறவன். தறிச் சத்தத்தில் பேசிப் பேசிப் பேச்சே குறைந்துபோனவன், நல்லவன். அந்த வார்த்தையை அடுத்த மாசம் அவரிடம் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் என்ன என்ன என்று கேட்டது இங்கே கேட்டது. "நாளைக்கே வண்டியில எலுமிச்சம்பழம் போட்டு விடுதேன், சொதிக்குப் பிழிஞ்சு குடுங்க ஒங்க வீட்டுக்காரருக்கு" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தால், நூல் லாரியில் ஒரு சாக்கு வந்து இறங்கியது. டெஸ்பாட்ச் பூராவும் எலுமிச்சை வாசம். எண்ணெய் வாசத்தையும் பஞ்சு வாசத்தையும் அது ஒரு வாரம் வாயடைத்து வைத்திருந்தது. இதெல்லாம் சும்மா உட்கார்ந்திருந்த நேரமா? காத்திருப்பு நேரமா? அந்தப் பிள்ளையின் லேப்டாப்பில் இது என்ன கணக்கில் விழுந்திருக்கும், சிவப்புக் கோடா, பச்சைக் கோடா?

சங்கரவடிவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் அந்த ஃபோனில்தான் வந்தது. அவர் சம்சாரம். கால் வீங்கியிருக்கு என்றார் ஒரு மாசம். அடுத்த மாசம் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போகணும் என்றார். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ணுகிறார்கள் என்றார். சொல்லுகிற குரலில் ஒன்றும் தெரியாது, ஓடுகிற கணக்கைப் பற்றிச் சொல்கிற மாதிரியேதான் சொல்வார். ஒரு புரட்டாசி மாசக் கடைசியில் ஃபோன் அடித்தது. எடுத்தாள். "மயிலம்மா" என்றார். என்ன குழம்பு என்று கேட்கவில்லை. "நீங்க முதல்ல போங்கம்மா இன்னைக்கு" என்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்போதுங்க சார் என்று மட்டும் கேட்டாள். "பதினாறு முடிஞ்சிட்டு நேத்து" என்றார். அன்றைக்கு அவள் போகவில்லை. அவரையும் போகச் சொல்லவில்லை. ரெண்டு பக்கமும் ஒன்றும் ஓடாமல், ஃபோன் மட்டும் ரெண்டு காதிலும் இருந்தது. அவர் அழுதாரா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. மூச்சுச் சத்தம் கேட்டது. அது இருக்கிறதா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாவம், அந்த மனுஷர்.

இரு. எது முன்னால், எது பின்னால்? மயிலாத்தாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சர்வர் மாற்றினது எப்போது? மாற்றினபோது ஹெட் ஆபீசில் ஒரு கூட்டம் போட்டார்கள். ரெண்டு மில்லிலிருந்தும் ஆளை வரச்சொல்லியிருந்தார்கள். அவள் பேரும் இருந்தது. போயிருந்தால் அன்றைக்கு அவரை நேரில் பார்த்திருக்கலாம். எந்தச் சேலை கட்டுவது என்று கூட எடுத்து வைத்திருந்தாள், மாம்பழ நிறத்தில் அரக்கு ஓரம். முதல் நாள் ராத்திரி சுகந்திக்கு வலி எடுத்துவிட்டது. மகளை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு எங்கே கூட்டத்துக்குப் போவது? பேரன் பிறந்தான். அவன் இப்போது சைக்கிள் ஓட்டுகிறான். சங்கரவடிவு போனது அதற்கு முந்தின புரட்டாசி. ஆமாம், முந்தின புரட்டாசிதான், பேரனுக்குத் தொட்டில் போட்ட அன்றைக்கு அவர் ஃபோனில், இருந்திருந்தா எங்க வீட்ல காப்பு வாங்கிக் குடுத்துவிட்டிருப்பா என்று சொன்னாரே. அப்படியென்றால் சங்கரவடிவு செத்து, அப்புறம் கூட்டம். கூட்டத்துக்கு அவர் போனார். வந்து ஃபோன் பண்ணினார். ஏ.சி. குளிரில் பல் கிட்டினதைச் சொன்னார். முன்வரிசையில் ஒருத்தர் வாயைப் பிளந்து தூங்கினதைச் சொன்னார். சாப்பாட்டில் வைத்த லட்டு கல்லாட்டம் இருந்ததைச் சொன்னார். ஒங்க பேரு போட்ட அட்ட ஒண்ணு மேசையில சும்மா இருந்துது மயிலம்மா என்று சொன்னார். புதுசா ஏதாச்சும் சொன்னாங்களா சார் என்று அவள் கேட்டாள். கேட்டாள், நல்லா ஞாபகம் இருக்கிறது, பேரனுக்குத் தாலாட்டுகிற சத்தம் பின்னால் கேட்க வீட்டு ஃபோனில், ஆபீசில் நம்பர் வாங்கி அவர் கூப்பிட்ட அந்த ஒரு தரம்தான் பேசினாள். அவர் என்ன சொன்னார்? "பெருசா ஒண்ணும் இல்லம்மா. முன்ன மாதிரிதான்." முன்ன மாதிரிதான். அந்தக் கூட்டத்தில் வேறு எதைச் சொல்லியிருப்பார்கள்? இதைச் சொல்லத்தானே கூட்டமே போட்டார்கள்! இனிமேல் யாரும் யாருக்கும் காத்திருக்கவேண்டாம் என்று திரை கட்டிப் படம் போட்டுச் சொல்லியிருப்பார்கள். முன்வரிசைக்காரன் தூங்கினதைக் கவனித்தார் என்றால் அவர் தூங்கவில்லை. அவருக்குத் தெரியும். இவ்வளவு வருஷமாகத் தெரியும்.

குப்பென்று முகத்தில் சூடு ஏறியது. தெரிந்துகொண்டேதானா? "நான் உள்ள போறேன் மயிலம்மா, செத்த நேரம் பொறுத்துக்கிடுங்க" என்று அவ்வளவு பணிவாகச் சொன்னாரே, தெரிந்துகொண்டேதானா? அவர் முடித்துவிட்டு அப்புறம் அவள் ஆரம்பித்தால், அவள் முடிக்கும்போது ஆபீஸ் பஸ் போய்விடும். பல்லடம் ரோட்டில் லாரிப் புழுதியில் நின்றுகொண்டு, சென்னியப்பன் மொபெட்டில் வருகிற வரைக்கும் நின்றிருக்கிறாள். மழையில் நின்றிருக்கிறாள். பேரனுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தபோது நின்றிருக்கிறாள். அத்தனையும் தேவையில்லாமல். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்திருப்பாள். என்னை என்னவென்று நினைத்தார் அந்த மனுஷர்? வாய் பார்க்கிறவள் என்றா? மேனேஜருக்குத் தெரிந்தால், நாளைக்கு அந்தப் பிள்ளை எழுதுகிற ஆராய்ச்சியில் இதைப் போட்டால், படிக்கிறவர்கள் எல்லாம் சிரிக்கமாட்டார்களா, ரெண்டு கிழடுகள் ஃபோனில் வழிவிட்டு வழிவிட்டு உட்கார்ந்திருந்தன என்று? கோபம் நல்லது. கோபமாக இருந்தால் மூணு மணிக்குப் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போய்விடலாம். அதோடு முடிந்தது. இனி மாசக் கடைசிக்கு அவரவர் வேலையை அவரவர் பார்ப்பார்கள். வேலை இருக்கிறவரைக்கும் அது ஆபீஸ் ஃபோன். வேலை இல்லாமல் ஒரு பொம்பளை வேற்றூரில் இருக்கிற ஓர் ஆம்பளைக்கு ஃபோன் போட்டால் அதுக்கு என்ன பேர்? செல்ஃபோன் நம்பர்கூட ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொண்டதில்லை. தோன்றவே இல்லை. எதற்குத் தோன்றவேண்டும், அதுதான் மாசம் தவறாமல் இது அடிக்கிறதே என்றிருந்துவிட்டார்கள். இன்றைக்கு அழுத்திவிட்டால் அந்தக் குரல் இனி இல்லை. செத்துப்போனவர்கள் குரல் மாதிரி இல்லை. உயிரோடு, மலையடிவாரத்தில், சாரலில், வேறு யாரிடமோ என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு தடவை தவிர மோதவே இல்லை என்றதே அந்தப் பிள்ளை. அந்த ஒரு தடவை. மயிலாத்தாளுக்குக் கை தானாக மேஜை விளிம்பைப் பிடித்தது. சர்வர் மாறினதுக்கு அப்புறம், புயல் அடித்து ஃபோன் லைன் எல்லாம் அறுந்து, கம்ப்யூட்டர் லைன் மட்டும் தப்பின மாசம் அது. நெடுநேரம் பார்த்தாள், ஃபோன் உயிரில்லாமல் கிடந்தது. சாமியைக் கும்பிட்டு அழுத்திவிட்டாள். அங்கே அவரும் அழுத்தியிருக்கிறார். அடுத்த மாசம் பேசும்போது அது தெரிந்தது. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயாங்க சார்? ஒண்ணும் ஆகலையே! தப்பிச்சோம்!" என்றாள். "ஆமா, தப்பிச்சோம்" என்றார். தப்பிச்சோம். தொங்கவேண்டியது தொங்கவில்லை என்றால், ஏன் தொங்கவில்லை என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியாதவளா அவள்? லாரியில் ஒரு மூட்டை குறைந்தால் மில்லையே கவிழ்த்துப் பார்க்கிறவள். சோற்றில் உப்பு கூடினால் யார் போட்டது என்று கேட்கிறவள். அதை மட்டும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. தாழ் போடாத கதவு என்று தெரிந்தும், தள்ளிப் பார்க்காமல் வாசலிலேயே நின்றிருக்கிறாள். பஸ் போகிறதே என்று ஒரு நாளாவது அவரிடம் சொல்லியிருப்பாளா? சொல்லவில்லை. சொன்னால் அவர் சீக்கிரம் முடித்துக்கொள்வார். சீக்கிரம் முடித்தால் பேச்சும் முடிந்துவிடும். ரோட்டில் புழுதியில் நின்றபோது காதில் அந்தச் சிரிப்பு மிச்சம் இருந்தது, அதனால்தான் கால் வலித்தது தெரியவில்லை. கோபம் வந்த வழியிலேயே இறங்கிப்போய்விட்டது. அது போன இடத்தில் வெறும் பயம் மட்டும் உட்கார்ந்திருந்தது.

மணி மூணு. சுவரில் முள் நேராக வந்து நின்றதைப் பார்த்தாள். விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினால் தீர்ந்தது. விரலில் பஞ்சு ஒட்டியிருந்தது, ஊதிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு காற்றாடி சுற்றாமல் நின்றுகொண்டிருந்தது, மற்றதெல்லாம் சுற்றும்போது அது மட்டும் ஏன் நிற்கிறது என்று பார்த்தாள். முள் நகர்ந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு நஸ்ரின் வந்தது. "அக்கா, மூணு தாண்டிருச்சுக்கா, இன்னும் அழுத்தலையா?" "அழுத்தறேன் கண்ணு, செத்த இரு." "நீங்கதான் மறந்துட்டீங்கன்னு பாத்தா, புளியங்குடியும் அழுத்தலக்கா! ரெண்டு பக்கமும் அப்படியே நிக்குது. அங்க கரன்ட் போயிருச்சோ என்னமோ தெரியல." மயிலாத்தாள் அதன் முகத்தையே பார்த்தாள். "அழுத்தலையா?" "இல்லக்கா. லாகின் ஆகி உக்காந்துட்டேதான் இருக்காரு. நான் போயி என் போன்ல கூப்ட்டுப் பாக்கட்டுமா?" "வேண்டாம்" என்றாள் மயிலாத்தாள். "நீ போயி உன் பொட்டியப் பாத்துட்டு இரு. நான் கூப்படறேன்." "ஃபோன் பண்ணக்கூடாதுக்கா, அளவு…" "அளவு கெடக்கட்டும் சாமி. போ."

ரிசீவரை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த நம்பரைச் சுழற்றினது கொஞ்சம்தான், எப்போதும் அவர்தான் கூப்பிடுவார். விரல் ஞாபகமாகப் போட்டது. ஒரு ரிங்கு முழுசாக அடிக்கவில்லை, அதற்குள் எடுத்துவிட்டார். ஃபோன்மேல் கை வைத்துக்கொண்டேதான் நின்றிருக்கவேண்டும்.  அந்தக் கரகரப்பு, "மயிலம்மா" என்றது. "அந்தப் பிள்ள சொல்லிட்டா போலுக்கு." "சொல்லுச்சுங்க சார்." "எல்லாமா?" "கூட்டத்துல சொன்னதும் இதுதானுங்களா?" அவர் இருமினார். "இதான்மா. ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் அன்னைக்கு ஃபோன எடுத்தேன். மெய்யாவே அதுக்குத்தான் எடுத்தேன். அடுத்த மாசம் கூப்ட்டதும், சார் நீங்க மொதல்ல போங்கன்னீய. சொல்ல வாய் வரல. அந்த வீட்டுக்குப் போனா, சுவத்தத் தவுத்து ஒருத்தரும் கெடையாது பாத்துக்கிடுங்க. சரி, இந்த மாசம் மட்டும் போகட்டும், அடுத்த மாசம் சொல்லிருவோம்னு… கோவமா?" "ஆமாங்க சார், கோவந்தான்" என்றாள். "எத்தன நாளு எனக்கு பஸ்ஸு போயிருச்சு தெரியுங்களா?" அந்தப் பக்கம் பதறிப்போய், "பஸ்ஸா? நீங்க ஒரு வார்த்த சொல்லலியேம்மா! சொல்லிருந்தா நான் அன்னைக்கே…" "நான் சொல்லலீங்க" என்றாள் மயிலாத்தாள். "சொல்லக்கூடாதுன்னுதானுங்க சொல்லல." அந்தச் சொல் ஒயர் வழியாகப் போய்ச் சேர நேரம் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சேர்ந்தது அவளுக்குக் கேட்டது. ஒரு மூச்சு, நீளமாக, அந்தப் பக்கத்தில் இறங்கியது.

"அந்தப் பிள்ளைக்கு வேலை கெட்டுப்போகுதுங்க. அழுத்திருவமா?" என்றாள். "யாரு முதல்ல?" என்றார் பழக்கத்தில். "ஒண்ணாத்தானுங்க சொல்லியிருக்குது." "சரிம்மா." அழுத்தினார்கள். வட்டம் தோன்றியது, எப்போதும் போலச் சுற்றியது, தொங்காமலே முடிந்தது என்று திரை சொல்லிவிட்டது. "முடிஞ்சிட்டு" என்றார். "இங்கயும் முடிஞ்சுதுங்க." அதற்குமேல் ரெண்டு பேருக்கும் வேலை எதுவும் இல்லை. வேலை இல்லாமல் ஃபோனில் இருப்பது எப்படி என்று ரெண்டு பேருக்கும் தெரியாததால் அப்படியே இருந்தார்கள். கதவு தடாலென்று திறந்தது. நஸ்ரினுக்கு முகமெல்லாம் பல். "அக்கா, சூப்பர்க்கா! ரெண்டும் ஒண்ணா ஓடி ஒண்ணா முடிஞ்சுது! காத்திருப்பே இல்ல! இனிமே நீங்க ஃபோனே போட வேண்டியதில்ல, அஞ்சு மணி பஸ்ஸுக்கு எல்லாரோடயும் கெளம்பிரலாம்!" ஆபீசில் இருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கேட் பாஸ் வாங்க வந்த டிரைவர் ஒருத்தன் பார்த்தான். மயிலாத்தாள் ரிசீவரைக் கையால் பொத்தவில்லை. அந்தப் பக்கம் கேட்கிறது என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"வேல முடிஞ்சுது கண்ணு. நான் பேசிட்டு இருக்கறேன். அப்பறம் வா."

அந்தப் பக்கத்தில், நின்றுகொண்டிருந்த மனுஷர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.